முட்டை வெண்கருவும் முழங்காலும்

என் பெரியம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. மாடிப்படி ஏறும்போது படிக்கு ஒரு தெய்வத்தின் பெயரைச் சொல்லுவாள். இறங்கும்போது அதே தெய்வங்களை வரிசையாகக் கோபித்துக்கொள்வாள். அவள் வீட்டுப் படிகள் பத்தொன்பது. சில வருஷங்களாகவே இரண்டு முழங்கால்களும் தேய்ந்துகொண்டு வந்தன. சென்ற வருஷம் ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, "இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், ஊசி போட்டுப் பார்க்கலாம்" என்று சொல்லி, ஒரு சீட்டில் மூன்று ஊசிகளின் பெயரை எழுதிக் கொடுத்தார். ஒன்று வாரத்துக்கு ஒரு முறையாக ஐந்து தடவை போட வேண்டியது. இன்னொன்று மூன்று தடவை. மூன்றாவதை ஒரே தடவை போட்டால் போதும். விலையும் அதற்கேற்ற உயரத்தில் இருந்தது. எது வேண்டுமென்று வீட்டில் கலந்து பேசி வரச் சொல்லிவிட்டார்.

பெரியம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினாள். "ஏண்டா, ஊரிலே நடக்காததையெல்லாம் பக்கம் பக்கமா எழுதறயே, இதிலே எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லேன்" என்றாள்.

புடவைக் கடையில் மூன்று புடவையை விரித்துப் போட்டால் எதை எடுப்பது என்று அவள் எனக்குச் சொல்லுவாள். முழங்காலுக்குள் போகிற சமாசாரத்தில் அவள் என்னைக் கேட்டது எனக்குச் சற்றுப் பயமாகவே இருந்தது. கல்லூரியில் இரண்டு வருஷம் படித்த ரசாயனத்தில் எனக்கு இன்று ஞாபகமிருப்பது கந்தகத்தின் வாசனை ஒன்றுதான். ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓர் ஆசாமியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவனை நேரே கேட்பதைவிட, அவன் எந்த ஊர், யார் பிள்ளை, எப்படி இங்கே வந்து சேர்ந்தான் என்று விசாரிப்பது. அப்படித்தான் இந்த மருந்தையும் விசாரித்தேன். விசாரித்ததில் கிடைத்த சரித்திரம் ஒரு நாவலுக்குப் போதும்.

நம் முழங்காலுக்குள் ஒரு திரவம் இருக்கிறது. ஆரோக்கியமான காலில் ஒரு தேக்கரண்டி அளவுகூட இராது. விரலில் தொட்டால் நூல் நூலாக இழுபடும். இதற்கு மேல்நாட்டு வைத்திய நூல்கள் இட்டிருக்கும் பெயர் 'ஸைனோவியா'. 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாராசெல்சஸ் என்ற ஸ்விட்ஸர்லாந்து வைத்தியர் சூட்டிய பெயர் அது. 'முட்டையைப் போன்றது' என்று அதற்குப் பொருள் சொல்லுகிறார்கள். பச்சை முட்டையின் வெண்கருவைப் பார்த்தவர்களுக்கு அந்த உவமை சரியானதென்று தெரியும். பார்க்காத என் பெரியம்மாவுக்கு நான் வெண்டைக்காயை உவமையாகச் சொன்னேன்.

அந்தக் கொழகொழப்புக்குக் காரணமான பொருள் என்ன என்பது நானூறு வருஷம் தெரியாமலே இருந்தது. தெரிந்தபோதும் முழங்காலில் தெரியவில்லை, மாட்டின் கண்ணில் தெரிந்தது! 1934-ஆம் வருஷம், நியூயார்க் கொலம்பியா சர்வகலாசாலையில், ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய கார்ல் மேயர் என்பவரும் ஜான் பால்மர் என்பவரும் மாட்டுக் கண்களின் உள்ளே இருக்கும் கண்ணாடிக் கூழை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அதிலிருந்து சர்க்கரை இனத்தைச் சேர்ந்த ஒரு புதுப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். கிரேக்க பாஷையில் கண்ணாடிக்கு 'ஹயாலோஸ்' என்று பெயர். அந்தப் பொருளில் ஊரானிக் அமிலம் என்ற ஓர் அம்சமும் இருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு ஹயலுரானிக் அமிலம் என்று நாமகரணம் செய்தார்கள். அமிலம் என்றதும் பயப்பட வேண்டாம். இது சுடாது, அரிக்காது. இரண்டே இரண்டு சர்க்கரைத் துண்டுகள் மாறி மாறி, ஆயிரக்கணக்கில், மணி கோத்த மாதிரி நீண்டுகொண்டே போகிற சங்கிலி. தண்ணீரை ஏராளமாக இழுத்துவைத்துக்கொள்ளும் சங்கிலி. கொழகொழப்பின் ரகசியம் அவ்வளவுதான். பிறகு மூட்டுத் திரவத்திலும், தொப்புள்கொடியிலும், சேவலின் கொண்டையிலும் இதே சங்கிலி இருப்பது தெரியவந்தது.

மேயர் தமக்குக் கிடைத்த பொருளின் அமைப்பைத் துலக்குவதில் பல வருஷங்களைச் செலவிட்டார். அதை விற்கலாம் என்று யோசித்தவர் வேறொருவர். இந்தக் கதையின் நாயகரும் அவரே. ஹங்கேரி தேசத்து எண்ட்ரே பாலாஜ். பெயரைக் கேட்டால் நம் ஊர் மனிதர் போல இருக்கிறது, இல்லை. 1920-இல் பிறந்தவர். புடாபெஸ்டில் இளைஞராக இருந்தபோதே இந்தப் பொருளின் மேல் அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. 1942-ஆம் வருஷம், ஐரோப்பா முழுவதும் யுத்தம் மூண்டிருந்த சமயம், அவர் இதற்கு ஒரு காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போட்டார். எதற்காக என்று நினைக்கிறீர்கள்? முழங்காலுக்கு அல்ல, கண்ணுக்கும் அல்ல. ரொட்டிக் கடைப் பண்டங்களில் முட்டை வெண்கருவுக்குப் பதிலாக இதைச் சேர்க்கலாம் என்பதற்காக!

பாராசெல்சஸ் முட்டையைப் போல இருக்கிறதென்று பெயர் வைத்தார். நானூறு வருஷம் கழித்து ஒருவர் அதை முட்டையாகவே உபயோகிக்கலாம் என்றார். நான் கதையில் இப்படி ஒரு பொருத்தத்தை எழுதினால் பத்திரிகாசிரியர் 'செயற்கையாக இருக்கிறது' என்று அடித்துவிடுவார்.

யுத்தம் முடிந்த பின் பாலாஜ் 1947-இல் ஸ்டாக்ஹோமுக்குப் போனார். 1951-இல் அங்கிருந்து அமெரிக்காவில் பாஸ்டனுக்கு. கேக் யோசனை காற்றோடு போயிற்று. அவர் தேடியது வேறு: உடம்புக்குள் செலுத்தினால் எந்த எரிச்சலும் வீக்கமும் உண்டாக்காதபடி அத்தனை சுத்தமான ஹயலுரானிக் அமிலம். மூலப் பொருளுக்குச் சேவல் கொண்டை மலிவாக அகப்பட்டது. கொண்டையை அரைத்து, கரைத்து, அதிலுள்ள புரதத்தையெல்லாம் நீக்கி, மிஞ்சியதை எடுக்க வேண்டும். இந்தப் பரிசுத்தம் செய்யும் வேலைக்கு அவர் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை 1979-ஆம் வருஷத்தது. அதாவது முதல் யோசனைக்கும் இதற்கும் நடுவே முப்பத்தேழு வருஷம். மனிதர் சளைக்கவில்லை.

மூட்டுக்குள் முதன்முதலாக இதைப் போட்டுப் பார்த்தவர்களில் பந்தயக் குதிரைகளுக்குத்தான் முன்னுரிமை. குதிரைக்குக் கால்தான் மூலதனம்; கால் போனால் முதலாளிக்குப் பணம் போயிற்று. மூட்டு வீங்கிய பந்தயக் குதிரைகளுக்கு ஊசி போட்டுப் பார்த்த விவரத்தைப் பாலாஜும் அவர் சகாக்களும் 1970-இல் பிரசுரித்தார்கள். 1974-இல் பேரோன் என்ற பிரெஞ்சு டாக்டரும் பாலாஜும் சேர்ந்து, மனிதர்களின் மூட்டில் போட்டுப் பார்த்த ஆரம்ப முயற்சிகளை ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் எழுதினார்கள்.

இந்த இடத்தில் கதை ஒரு சந்து திரும்புகிறது. இந்த மருந்துக்கு உண்மையான, சந்தேகமற்ற வெற்றி கண்ணில்தான் கிடைத்தது. 1980-இல் ஸ்வீடன் தேசத்துக் கம்பெனி ஒன்று 'ஹீலான்' என்ற பெயரில் இதைக் கண் டாக்டர்களிடம் கொடுத்தது. புரை நீக்கி, உள்ளே வில்லை வைக்கும்போது கண்ணின் முன் அறை சரிந்துவிடாமல் தாங்கிப் பிடித்து, மென்மையான உட்சுவரையும் உராயாமல் காத்தது. மாட்டுக் கண்ணில் பிறந்த பொருள் மனிதக் கண்ணில் வந்து பேர் வாங்கிக்கொண்டது. அதைப் பற்றி எந்தச் சபையிலும் தகராறு எழுந்ததாகத் தெரியவில்லை. தகராறு எல்லாம் முழங்காலில்தான்.

1987-இல் இத்தாலியில் 'ஹயால்கன்' கடைக்கு வந்தது. அதைச் செய்த கம்பெனி இருக்கும் ஊர் பாதுவாவுக்குப் பக்கத்திலுள்ள ஆபானோ. ரோமாபுரி காலத்திலிருந்தே மூட்டு வலிக்காரர்கள் வெந்நீர் ஊற்றில் குளிக்க வருகிற ஊர். நம் குற்றாலத்தில் வாத நோய்க்கு ஊசி தயாரித்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வருஷம் ஜப்பானில் 'ஆர்ட்ஸ்' வந்தது. இரண்டும் சேவல் கொண்டைதான். பாலாஜ் சும்மா இருப்பாரா? 1981-லேயே பயோமேட்ரிக்ஸ் என்று சொந்தக் கம்பெனி தொடங்கியிருந்தார். இத்தாலிக்காரர்களின் சங்கிலி குட்டையானது, அது போதாது என்பது அவர் கட்சி. சங்கிலிகளை ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைத்துக் கெட்டியாக்கி, 'சின்விஸ்க்' என்ற தம் ஊசியைக் கொண்டுவந்தார். 1993-இல் அவரும், மனைவியும் சக விஞ்ஞானியுமான ஜானட் டென்லிங்கரும் சேர்ந்து இந்தச் சிகிச்சை முறைக்கே ஒரு தத்துவம் எழுதினார்கள். நோயுற்ற மூட்டில் திரவம் நீர்த்துப்போகிறது. சங்கிலிகள் அறுந்து குட்டையாகின்றன. ஆகவே குறைந்ததை வெளியிலிருந்து நிரப்புவோம் என்பது அதன் சாரம்.

கேட்டவுடனே மனத்தில் ஒட்டிக்கொள்ளும் தத்துவம். கீல் கிறீச்சிட்டால் எண்ணெய் விடுகிறோம் அல்லவா? என் பெரியம்மாவிடம் டாக்டர் சொன்னதும் இதே உபமானந்தான். "கதவுக்கு எண்ணெய் போடற மாதிரி, மாமி!" பெரியம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. உடனே புரிந்துவிடுகிற எதையும் இரண்டாம் முறை யோசிப்பது கஷ்டம்.

1997-இல் ஹயால்கனும் சின்விஸ்க்கும், சில மாத இடைவெளியில், அமெரிக்க அரசாங்கத்தின் அனுமதியைப் பெற்றன. அதில் ஒரு விசித்திரம். மருந்து என்ற வகையில் அல்ல, 'கருவி' என்ற வகையில் அனுமதி. ரசாயன வேலை எதுவும் செய்யவில்லை, வெறும் மசகாகவும் மெத்தையாகவும் நிற்கிறது என்ற நியாயத்தின்மேல். சட்டத்தின் கண்ணில் அந்த ஊசித் திரவம் ஊன்றுகோலுக்கு உறவுமுறை. 2018-இல் அதே இலாகா, 'இது உண்மையில் மருந்தாகத்தான் வேலை செய்கிறதோ?' என்று தன் பழைய தீர்மானத்தைத் தானே சந்தேகித்து ஓர் அறிவிப்பு வெளியிட்டது.

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. ஊற்றிய எண்ணெய் கீலில் தங்குவதில்லை! சாதாரண ரகச் சங்கிலி மூட்டுக்குள் ஓரிரு நாளில் பெரும்பாலும் கரைந்து போய்விடுகிறது. பிணைத்துக் கெட்டியாக்கிய ரகமும் சில வாரங்களுக்குமேல் நிற்பதில்லை. ஆனால் பலன் ஆறு மாதம் இருக்கும் என்கிறார்கள். எண்ணெய் போன பின் கதவு ஆறு மாதம் சத்தமில்லாமல் இருந்தால், எண்ணெயைப் பற்றி வேறு கதைதான் சொல்லியாக வேண்டும். சொன்னார்கள்: அது எரிச்சலைத் தணிக்கிறது, மூட்டின் உள்சவ்வைத் தன் திரவத்தைத் தானே சுரக்கும்படி தூண்டுகிறது என்றெல்லாம். இருக்கலாம்.

இதற்குள் கடைத்தெருவில் போட்டி முற்றிவிட்டது. சங்கிலியின் நீளத்தை 'டால்டன்' என்ற எடைக் கணக்கில் சொல்வது வழக்கம். ஹயால்கன் 5 லட்சத்திலிருந்து 7.3 லட்சம். சின்விஸ்க் சராசரி 60 லட்சம். 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'யூஃப்ளெக்ஸா' 24 லட்சத்திலிருந்து 36 லட்சம். இந்தக் கடைசி ஆசாமிக்கும் சேவலுக்கும் சம்பந்தமில்லை. நுண்ணுயிர்களைப் புளிக்கவைத்து எடுத்தது. 2009-இல் சின்விஸ்க்கே மூன்று ஊசிகளின் அளவைச் சேர்த்து, 6 மில்லியாக ஒரே ஊசியில் வந்தது. ஐந்து தடவை குத்திக்கொள்வது நல்லதா, ஒரே தடவையா? நீளமா, குட்டையா? பெரியம்மாவின் சீட்டில் இருந்த மூன்று பெயர்களும் இந்த வம்சாவளியின் மூன்று கிளைகள்.

சரி, எது நல்லது? இதை நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த ஒரு பரிசோதனை உண்டு. ஸ்விட்ஸர்லாந்தில் 660 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பிணைத்த ரகமும், ஒரு பிரிவுக்குச் சேவல் கொண்டைச் சாதாரண ரகமும், ஒரு பிரிவுக்கு நுண்ணுயிர் ரகமும் போட்டார்கள். முடிவு 2007-இல் வெளியாயிற்று. ஆறு மாதத்தில் வலி விஷயத்தில் மூன்றுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஊசி போட்ட இடத்தில் வீக்கம் போன்ற தொந்தரவுகள் பிணைத்த ரகத்தில் அதிகம். அந்த ரகத்தைத் தொடர்ந்து வாங்குவதில் நியாயம் தெரியவில்லை என்று ஆராய்ச்சிக்காரர்கள் எழுதினார்கள்.

ஆனால் அந்தப் பரிசோதனையில் ஒரு குறை: ஊசியே இல்லாத, அல்லது வெறும் உப்புநீர் போட்ட நான்காம் பிரிவு இல்லை. மூன்று குதிரைகளும் சேர்ந்தாற்போல் ஓடின என்று தெரிந்தது. அவை ஓடினவா, நின்ற இடத்திலேயே நின்றனவா என்பது தெரியவில்லை.

அதைத் தெரிந்துகொள்ள உப்புநீரோடு ஒப்பிட வேண்டும். அப்படி நடந்த பரிசோதனைகள் ஏராளம். அவற்றைத் தொகுத்து எடைபோட்டவர்களும் ஏராளம். 2003-இல் ஓர் அமெரிக்கத் தொகுப்பு, பலன் கொஞ்சந்தான் என்றதோடு, நல்ல முடிவுகள் மட்டும் அச்சேறுகின்றன போலும் என்று சந்தேகப்பட்டது. 2006-இல் காக்ரேன் சங்கத்தார் 76 பரிசோதனைகளைப் பார்த்து, பலன் உண்டு என்றார்கள். 2012-இல் ரூட்யெஸ் என்ற பெண்மணியும் சகாக்களும் 89 பரிசோதனைகளைத் தோண்டினார்கள். அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அச்சேறாமல் கிடந்த ஐந்து பரிசோதனைகளையும் தேடிப் பிடித்தார்கள். அவற்றில் பலன் ஏறக்குறையச் சூனியம். எழுத்தாளனுக்குத் தெரியும், திரும்பி வந்த கையெழுத்துப் பிரதிகளையும் படித்தால்தான் ஒருவனுடைய உண்மையான தரம் வெளிப்படும் என்று.

2022-இல் வந்த தொகுப்பு இன்னும் பெரியது. 169 பரிசோதனைகள், 21,000-க்கு மேற்பட்ட மனிதர்கள். அவற்றில் பெரியவையாகவும் உப்புநீர் போன்ற போலி ஊசியோடு ஒப்பிட்டவையாகவும் இருந்த 24-ஐ மட்டும் எடுத்துப் பார்த்தால், வலியை 100 மில்லிமீட்டர் கோட்டில் குறிக்கச் சொல்லும்போது இந்த ஊசிக்கும் போலி ஊசிக்கும் உள்ள வித்தியாசம் 2 மில்லிமீட்டர். நோயாளி உணரக்கூடிய மாறுதலுக்குக் குறைந்தது 9 மில்லிமீட்டராவது வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கடுமையான கேடுகளும் ஊசி போட்டவர்களிடம் சுமார் ஒன்றரை மடங்கு காணப்பட்டன.

வைத்திய சபைகள் என்ன சொல்லுகின்றன? அமெரிக்க எலும்பு டாக்டர்கள் 2013-இல் 'வேண்டாம்' என்று அழுத்திச் சொல்லி, 2021-இல் 'எல்லோருக்கும் வழக்கமாகப் போட வேண்டாம்' என்று குரலைத் தணித்துக்கொண்டார்கள். இங்கிலாந்தின் சபை 2014-லும் 2022-லும் கொடுக்காதே என்றது. மூட்டுத் தேய்வு ஆராய்ச்சிக்காரர்களின் சர்வதேச சங்கமோ 2019-இல் முழங்காலுக்கு மட்டும், சில நிபந்தனைகளோடு, போடலாம் என்றது. கிராமத்துப் பஞ்சாயத்தில் கூட இதைவிடச் சீக்கிரம் தீர்ப்பு ஆகியிருக்கும்.

இந்த ஊசியைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. போட்டுக்கொண்டவர்களில் பலர் நிஜமாகவே வலி குறைந்து நடந்தார்கள். அதில் பொய் இல்லை. உப்புநீர் போட்டுக்கொண்டவர்களும் ஏறக்குறைய அவ்வளவே வலி குறைந்து நடந்தார்கள் என்பதுதான் சங்கடம். முழங்கால் வலி தானாகவே ஏறி இறங்குவது. டாக்டரைத் தேடிப் போவது அது உச்சத்தில் இருக்கும்போது. பிறகு இறங்கினால் புகழ் ஊசிக்கு. அத்துடன் ஒருவர் உட்காரவைத்து, காலைத் தொட்டுப் பார்த்து, ஊசி குத்தி, "இனி சரியாகிவிடும்" என்று சொல்லுவதற்கும் ஒரு சக்தி இருக்கிறது. மாத்திரை வடிவப் போலி மருந்தைவிட மூட்டில் குத்துகிற போலி ஊசி அதிகம் வேலை செய்கிறது என்றுகூட அளந்திருக்கிறார்கள்.

சீட்டில் இல்லாத இன்னோர் ஊசியையும் சொல்லிவிடுகிறேன். 1951-லேயே பிலடெல்பியாவில் ஹாலந்தர் என்ற டாக்டர் மூட்டுக்குள் ஸ்டீராய்டு போடும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். அது மலிவு, சில வாரங்களுக்குச் சட்டென்று கேட்கும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாக இரண்டு வருஷம் போட்டதில், உப்புநீர் போட்டவர்களைவிடக் குருத்தெலும்பு அதிகம் தேய்ந்தது, வலியிலும் வித்தியாசமில்லை என்று 2017-இல் ஒரு பரிசோதனை சொல்லிற்று.

இத்தனையையும் சுமந்துகொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். ஊஞ்சலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மூன்றில் எதுவும் மற்றதைவிட உசத்தி என்று சொல்ல ஆதாரமில்லை என்றேன். "அப்போ விலை குறைச்சலானதே போதும்கறயா?" என்றாள். அதற்கும் உப்புநீருக்குமே பெரிய வித்தியாசமில்லை என்று விளக்கினேன். சற்று நேரம் பேசாமல் இருந்தாள்.

"அந்த உப்புத் தண்ணி ஊசிக்கு என்ன விலையாம்?"

அதை யாரும் விற்பதில்லை என்றேன்.

பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, சேவல் கொண்டை விஷயத்தையும் சொன்னேன். சொல்லாமல் விடுவது சரியல்ல என்று தோன்றிற்று. கோழி, முட்டை ஒவ்வாதவர்களுக்கு இதனால் உபத்திரவம் வரலாமென்று அந்தப் பெட்டிகளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. பெரியம்மாவின் பயம் வேறு. பிறந்ததிலிருந்து முட்டை சேர்த்த கேக்கைக்கூடத் தொட்டதில்லை அவள். முகம் மாறிவிட்டது. சீட்டை வாங்கிப் பார்த்து, "இதிலே எது சேவல், எது இல்லை?" என்றாள். இரண்டு சேவல், ஒன்று இல்லை என்று அடையாளம் காட்டினேன். அத்தனை விஞ்ஞானத்தையும் படித்துவிட்டு, மூன்றுக்கும் நடுவே நான் சந்தேகமில்லாமல் சுட்டிக்காட்ட முடிந்த வித்தியாசம் அது ஒன்றுதான்.

"டாக்டர் ஏன் இதைச் சொல்லலை?" என்றாள். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும்; நானும் அவர்களில் ஒருவனாக இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஊசியை இப்போதைக்கு ஒத்திப்போட்டிருக்கிறாள். தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியைப் பற்றி எல்லாச் சபைகளும் ஒருமனதாகச் சொல்லியிருப்பதைப் படித்துக் காட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேரே நீட்டி, பத்து எண்ணும் வரை நிறுத்தி, இறக்க வேண்டும். எண்ணுவதற்குப் பதிலாகப் படிக்கட்டுத் தெய்வங்களையே கூப்பிடுகிறாள். வலி போய்விடவில்லை. பேத்தி கல்யாணம் தை மாதத்தில்; மண்டபம் மாடியில் இருக்கிறதாம். அதற்கு முன்னால் அந்தச் சேவல் இல்லாததை ஒரு தடவை போட்டுக்கொண்டால் என்ன என்று போன வாரம் கேட்டாள். மண்டபத்தில் லிஃப்ட் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்லுகிறேன் என்றேன். சீட்டு பஞ்சாங்கத்துக்குள் பத்திரமாக இருக்கிறது.